விரலால் அடைத்த குழாய்

குடிநீர் வாரியம் ஒரு நல்ல காரியம் செய்யத் தீர்மானித்துவிட்டால் அதை யாராலும் தடுக்க முடியாது. அப்படித்தான் பொதுமக்களின் நலனை முன்னிட்டுத் தன் பொறியாளர்கள் அனைவருக்கும் ஆளுக்கொரு பல்லூடகச் செல்பேசி வழங்கியது. அதற்கு முன் அவர்களிடம் இருந்தவை வெறுமனே பேச மட்டும் பயன்படும் போன்கள். பொதுமக்கள் கூப்பிட்டால் அவை மணி அடித்தன. சில சமயம் எடுக்கவும் வேண்டியிருந்தது. இந்தக் குறையைக் களையவே புதிய கருவி.

அது படம் எடுக்கும், பாடும், பேசினால் எழுதும், எழுதினால் பேசும், போகிற வழி சொல்லும், இருட்டில் டார்ச் அடிக்கும், நடந்தால் நடந்ததற்குப் பாராட்டும். இத்தனைக்கும் நடுவில் யாராவது கூப்பிட்டால் திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு வரி வரும். அதை விரலால் ஒதுக்கினால் சத்தம் போடாமல் போய்விடும்.

இந்தக் கருவி வந்த அதே வாரத்தில்தான் எங்கள் தெருவில் மெயின் பைப் உடைந்தது.

உடைந்த இடம் டெய்லர் மாஸ்டரின் கடைக்கு நேர் எதிரே. மாஸ்டருக்கு முன்னறை கடை, பின்னறை குடித்தனம். அவர் தலைக்கு மேலே மாடியில் நான் குடியிருக்கிறேன். தண்ணீர் தெருவெல்லாம் ஓடியது. குழாயைத் திறந்தால் மட்டும் ‘புஸ்’ என்று காற்று வந்தது. மாஸ்டரின் மனைவி, தெருவுக்கே அக்கா, தினமும் காலையில் பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு குடங்களோடு நொண்டிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம்.

மாஸ்டருக்குத் தொழிலே ஆட்டம் கண்டது. தைத்து முடித்து வாசலில் மாட்டியிருந்த வெள்ளைச் சட்டைமேல் ஒரு லாரி சேற்றை அள்ளித் தெளித்துவிட்டுப் போனது. வாங்க வந்தவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

“மாஸ்டர், நான் புள்ளி போட்ட துணியா குடுத்தேன்?”

அவர் போனவர்தான், திரும்ப வரவில்லை. அவரைப் பார்த்து இன்னும் சிலரும் வரவில்லை. மாஸ்டர் வாரியத்துக்குப் போன் செய்தார்.

அன்றைக்கே இளநிலைப் பொறியாளர் நேரில் வந்துவிட்டார். தெருவே திகைத்துப் போனது. சின்ன வயசு, மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் வார் போட்டுத் தொங்கும் புதுப் போன்.

“எங்க கசிவு?” என்றார்.

“அதுலதான் சார் நிக்கிறீங்க.”

சட்டென்று பின்வாங்கி, போனை எடுத்தார். நின்று எடுத்தார், குனிந்து எடுத்தார், மாஸ்டரின் ஸ்டூலை வாங்கிப் போட்டு அதன் மேல் ஏறியும் எடுத்தார். பிறகு தண்ணீர் பீறிடுவதை மெதுவாக ஓடும் வீடியோவாகப் பிடித்து மாஸ்டரிடம் நீட்டினார்.

“பாருங்க. ஒவ்வொரு துளியும் தனித்தனியா எந்திரிச்சு, கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு விழுது பாருங்க.”

மாஸ்டர் பார்த்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், அவருக்கே வாய் பிளந்தது. “அடேயப்பா! நம்ம தண்ணியா சார் இது?”

“பின்ன? பின்னாடி கொஞ்சம் வயலின் சேர்த்துட்டா கண்ணுல தண்ணி வந்துரும்.”

“குழாய்ல எப்ப சார் வரும்?”

பொறியாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “மாஸ்டர், முதல்ல ஆவணப்படுத்தணும். எடுத்தவுடனே அடைச்சுட்டா எதை ஆவணப்படுத்துறது?”

ஆவணப்படுத்தும் பணி போர்க்கால அடிப்படையில் நடந்தது. உச்சி வெயிலில் எடுத்த படம் வெளிறிப்போயிருக்கிறது என்று மேலிடத்திலிருந்து குறிப்பு வந்ததாம். அதனால் மாலை வெயிலில் மறுபடி வந்தார். அப்போது தண்ணீர் தங்கம் மாதிரி இருந்தது. அடுத்த முறை தெரு முழுவதையும் ஒரே வீடியோவில் அடக்க வேண்டும் என்று வந்தார். அந்தத் தடவை நாங்கள் எல்லோரும் தலை வாரி, நல்ல துணி உடுத்தி, தண்ணீருக்கு இரண்டு பக்கமும் வரிசையாக நின்றோம். யாரும் அழைக்கவில்லை, ஆனாலும் நின்றோம். அக்கா மட்டும் குடத்தோடு குறுக்கே போனாள்.

“அக்கா, கொஞ்சம் ஒதுங்குங்க, படம் கெடுது!” என்று பலர் கத்தினார்கள்.

“தண்ணி வந்தா நான் ஏன்டா குறுக்க வரப் போறேன்?” என்றாள் அவள். அந்த வீடியோவில் அந்த இடத்தில் வயலின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்கள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, நிலுவையில் உள்ள புகார்கள் அனைத்தும் மாத முடிவுக்குள் தீர்க்கப்பட வேண்டும் என்று வாரியம் கண்டிப்பான உத்தரவு போட்டது. தீர்த்ததற்கு அடையாளமாக ஒரு படமும் ஏற்ற வேண்டும். பொறியாளர் ஓட்டமும் நடையுமாக வந்தார். கூட ஆள் இல்லை, மண்வெட்டி இல்லை. கசிவை ஒரு படம் எடுத்துக்கொண்டு மாஸ்டர் கடையின் நிழலில் ஒதுங்கி, திரையை விரலால் தேய்க்க ஆரம்பித்தார்.

“என்ன சார் தேய்க்கிறீங்க?”

“அடைச்சுக்கிட்டு இருக்கேன்.”

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். விரல் போன வழியெல்லாம் தண்ணீர் மறைந்தது. அடியில் போனே தானாக நல்ல தார் ரோடு போட்டது. எந்த ஒப்பந்தக்காரரும் அவ்வளவு வழவழப்பாகப் போட்டதில்லை. பள்ளம் போனது, சேறு போனது. ஒரு மூலையில் வெள்ளையாக என்னவோ இருந்தது, அதையும் ஒரு தேய்ப்பு.

“சார், அது நான்!” என்று பதறினார் மாஸ்டர்.

“அப்படியா? ‘தேவையில்லாத பொருள்’னு போனே காட்டுச்சு.”

அன்று சாயங்காலம் மாஸ்டருக்கு ஒரு செய்தி வந்தது. ‘தங்கள் மேலான புகார் முழுமையாகத் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவையில் தாங்கள் அடைந்த மகிழ்ச்சியை நட்சத்திரங்களாகத் தெரிவிக்கவும்.’ அதைப் படித்தபோது அவர் கணுக்கால்வரை தண்ணீரில் நின்றிருந்தார்.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு வாரிய அலுவலகத்துக்கே போனார். செயற்பொறியாளர் ஆஜானுபாகுவான மனிதர். அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி தெரியாது. மேஜைமேல் போனைச் சாய்த்து வைத்து எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர், மாஸ்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு அந்தப் படத்தைத் தேடி எடுத்தார்.

“இதுல எங்கய்யா தண்ணி?”

“படத்துல இல்ல சார், தெருவுல இருக்கு.”

“தெருவைக் கொண்டு வந்திருக்கீங்களா?”

“தெருவை எப்படி சார் கொண்டு வர முடியும்?”

“படத்தைக் கொண்டு வர முடியுதில்ல? அப்ப எது ஆதாரம்?”

“சார், நான் தினமும் அங்கதான் இருக்கேன். என் கண்ணால பாக்கிறேன்.”

செயற்பொறியாளர் படத்தை விரல்களால் விரித்துப் பெரிதாக்கினார். மூலை மூலையாகத் தேடினார். பிறகு போனை அவர் பக்கம் திருப்பினார்.

“எங்க இருக்கீங்க? காட்டுங்க.”

மாஸ்டரால் காட்ட முடியவில்லை.

“அங்க இல்லாத ஆளு, இல்லாத தண்ணியைப் பத்திப் புகார் குடுக்கிறீங்க. உங்க வயசுக்காக விடுறேன். நிஜமாவே ஏதாவது இருந்தா நீங்களே நல்ல போன்ல வீடியோ எடுத்து அனுப்புங்க. கலங்கலா இருந்தா ஏத்துக்க மாட்டோம்.”

“தண்ணியே கலங்கலாத்தான் சார் இருக்கு.”

“வீடியோவைச் சொன்னேன்.”

மாஸ்டரிடம் இருந்தது பட்டன் வைத்த பழைய போன். கேமராவே கிடையாது. இரண்டு நாள் யோசித்தார். கடையில் இரண்டு மெஷின் இருந்தன. வேலை குறைந்துபோனதால் ஒன்று சும்மாதான் நின்றது. அதைக் கொடுத்துவிட்டுப் புதுப் போன் வாங்கி வந்தார். அக்கா போட்ட சத்தம் மாடிவரை கேட்டது.

“தண்ணி வரலைன்னு சொல்லப் போன மனுஷன் மெஷினை வித்துட்டு வந்து நிக்குது! இதுல குடம் புடிக்க முடியுமா? என்னங்க, கேக்குறேன்ல, முடியுமா?”

“ஆதாரம் வேணுமாம் புள்ள. ஒரே ஒரு வீடியோ. அப்புறம் இதைத் தொடவே மாட்டேன்.”

அந்த ஒரே ஒரு வீடியோவை எடுக்க அவருக்கு மூன்று நாள் பிடித்தது. முதல் நாள் எடுத்தார். இரண்டாம் நாள், பக்கவாட்டிலிருந்து எடுத்தால் இன்னும் உறைக்கும் என்று தோன்றியது. மூன்றாம் நாள் விடியற்காலை வெளிச்சத்துக்காகக் காத்திருந்தார். தைக்கக் கொடுக்க வந்த ஒருவரைக்கூட, “கொஞ்சம் இருங்க, வெயில் ஏறிடும்” என்று உட்கார வைத்துவிட்டார். அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னாள்: “முன்னெல்லாம் அந்தத் தண்ணியைப் பாத்தா திட்டுவாரு தம்பி. இப்ப ரசிக்கிறாரு. எனக்குப் பயமா இருக்கு.”

வீடியோ வாரியத்துக்குப் போய், அவர்களுடைய இணையப் பக்கத்தில் ஏறியது. புதுப் போன் கலங்கலைத் தெளிவாக்கி, சேற்றுக்குக் கொஞ்சம் நீலம் பூசி, ஓரத்தில் பச்சையைத் தூக்கிக் காட்டியிருந்தது. பார்த்தவர்களெல்லாம், “இது எந்த அருவி? குடும்பத்தோட போகலாமா?” என்று விசாரித்தார்கள். அந்தப் பக்கத்தில் இதயங்கள் குவிந்தன. இதுவரை வாரியத்துக்கு யாரும் இதயம் கொடுத்ததில்லை. செயற்பொறியாளரின் உள்ளம் நெகிழ்ந்தது. மேற்படி இடத்தைத் தாமே நேரில் ஆய்வு செய்யப் போவதாகவும், அந்த ஆய்வு நேரலையில் காட்டப்படும் என்றும் அறிவித்தார்.

வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே போனை நீட்டிய கையோடு இறங்கினார். இளநிலைப் பொறியாளர் கூடவே குடை பிடித்துக்கொண்டு ஓடினார். தெரு முழுக்க வாசலிலும் பால்கனியிலும் நின்று, அவர் எங்களை எடுப்பதை நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தோம்.

“அன்பார்ந்த பொதுமக்களே, இப்போது நாம் கசிவை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறோம்,” என்று திரையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துச் சொல்லியபடி பின்பக்கமாகவே நடந்தார்.

“சார், பள்ளம்!” என்று கத்தினார் மாஸ்டர்.

“அங்க பள்ளம் கிடையாதுய்யா, படத்தைப் பாத்துட்டுத்தான் வர்றேன்,” என்றார் அவர். அடுத்த அடியில் உள்ளே போனார்.

இவ்வளவு நாள் தண்ணீர் அரித்து அரித்து அந்தப் பள்ளம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு வந்திருந்தது. செயற்பொறியாளர் அதில் இடுப்புவரை உட்கார்ந்துவிட்டார். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தினார். போனைப் பிடித்திருந்த கை மட்டும் நனையாமல் மேலே நின்றது. தண்ணீர் ஒரு தரம் சீறியது. பிறகு நின்றது.

ஒவ்வொரு வீட்டுக்குள்ளிருந்தும் ஒரு சத்தம் கேட்டது. குழாய்கள் இருமின, செருமின. பிறகு கொட்ட ஆரம்பித்தன.

“தண்ணி! தண்ணி வருது!”

இளநிலைப் பொறியாளர் குடையைப் போட்டுவிட்டுப் பள்ளத்துக்குள் கையை நீட்டினார். “கையைப் பிடிங்க சார்!”

“ஏய், தொடாதே!” என்றாள் அக்கா. இரண்டு கையிலும் குடம். “அய்யாவை அசைக்காதீங்க. புண்ணியமாப் போகும், இன்னும் ரெண்டு குடம்.”

“கீழ் வீடெல்லாம் ரொம்பட்டும், அப்புறம் பாக்கலாம்,” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

“அதெப்படி? மாடிக்கு இப்பத்தானே ஏறுது!” என்று மேலேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். நியாயமான கேள்விதான்.

“யோவ், யாராவது தூக்குங்கய்யா! குளுருது!” என்று செயற்பொறியாளர் அலறினார். அந்த அலறலும் நேரலையில் போய்க்கொண்டிருந்தது. இதயங்கள் வந்துகொண்டே இருந்தன.

மாஸ்டர் முன்னே வந்தார். தூக்கத்தான் போகிறார் என்று நினைத்தோம். அவர் பள்ளத்தின் விளிம்பில் மண்டியிட்டு, போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

“சார், ஒரே நிமிஷம். முகத்தை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. வெளிச்சம் பிரமாதமா விழுது.”

செயற்பொறியாளர் திருப்பினார். பழக்க தோஷம், சிரிக்கவும் சிரித்தார்.

எல்லா வீட்டிலும் குடம், வாளி, அண்டா, கடைசியில் டம்ளர்வரை நிரம்பிய பிறகு அவரைத் தூக்கினோம். ஆறு பேர் சேர்ந்து தூக்கினோம். அவர் எழுந்தவுடன் தண்ணீரும் எழுந்தது. குழாயில் மறுபடி ‘புஸ்’.

அன்றிரவே வாரியம் பெருமையோடு ஒரு படம் வெளியிட்டது. மாஸ்டர் எடுத்து அனுப்பிய அதே படம். ‘களத்தில் இறங்கிக் கசிவைத் தாமே அடைத்த செயற்பொறியாளர்’ என்று கீழே எழுதியிருந்தது. இளநிலைப் பொறியாளர் வழக்கம்போலப் பள்ளத்தைத் தேய்த்து எடுத்துவிட்டிருந்தார். அதோடு செயற்பொறியாளருக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாமல் போய்விட்டது. வழவழப்பான தார் ரோட்டின் நடுவே பாதி உடம்போடு அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புக்காக அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

போன வாரம் மாஸ்டர் கடைக்குப் போயிருந்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். மாஸ்டர் ஏதோ கோபத்தில் போனில் பேசிப் பேசி எழுத வைத்துக்கொண்டிருந்தார்.

“மறுபடி புகாரா மாஸ்டர்?”

“பின்ன விடுவேனா? இந்தத் தடவை மேலிடம்வரைக்கும் போகப் போறேன்.”

“போகணும் மாஸ்டர். எத்தனை நாளைக்குத்தான் இந்தத் தண்ணியோட…”

“தண்ணியா?” என்று அவர் நிமிர்ந்தார். “அந்தப் படத்தை நல்லாப் பாத்தீங்களா தம்பி? பள்ளத்தை அழிக்கிறேன்னு என் கடை போர்டுல பாதியை அழிச்சுட்டானுங்க. ஊரே பாக்குற படம்! அதைச் சரி பண்ணித் தரச் சொல்லிக் கேட்டிருக்கேன்.”

நியாயமான கோரிக்கை என்பதால் தெருவே அதை ஆதரித்திருக்கிறது. நானும் என் பெயரைச் சேர்த்திருக்கிறேன். அந்தப் படத்தில் எங்கள் பால்கனியும் பாதிதான் தெரிகிறது.