இன்னொருக்கா அண்ணனும் மண்ணுக்குள் போன முகங்களும்

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரே ஒரு தடவை தாலி கட்டிக் கல்யாணம் முடித்த மாப்பிள்ளை ஒருவரைக்கூட நீங்கள் காட்ட முடியாது. குறைந்தது இரண்டு தடவை கட்டியிருப்பார். காரணம், எங்கள் வீடியோக்காரர். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். எல்லாருக்கும் அவர் ‘இன்னொருக்கா’ அண்ணன்தான்.

மேளம் கொட்டி, அட்சதை தூவி, மாப்பிள்ளை மூன்று முடிச்சும் போட்டு நிமிர்வார். கெமராவுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

“ஐயர் தலை மறைச்சிருச்சி. இன்னொருக்கா கட்டுங்க மாப்ள.”

என் கல்யாணத்தில், பிறந்த வீட்டைவிட்டுக் கிளம்பும்போது என் மனைவி அழுதது இருட்டில் சரியாக விழவில்லையாம். வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டி வந்து மறுபடியும் அழச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்றைக்கும் எங்கள் வீடியோவில் அவள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டுதான் தாய்வீட்டைப் பிரிகிறாள். மாமியார் இதை இன்னும் மன்னிக்கவில்லை.

ஒரு சாவு வீட்டில், வெளிநாட்டிலிருந்த மகன்களுக்காகப் படமெடுக்கப் போனவர், பாடையை இறக்கிவைத்து மறுபடி தூக்கச் சொல்லிவிட்டார். தோட்டத் தலைவர் குடையை ஓங்கிக்கொண்டு தேயிலைக்குள் துரத்தினார். அண்ணன் ஓடும்போதும் கெமராவை நிறுத்தவில்லை. செத்தவரின் கடைசிப் பயணத்தில் பாதி, தேயிலைச் செடியும் தலைவரின் வசவுமாகப் போய்விட்டது.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த தோட்டத்தில்தான் அந்த மழை பெய்தது.

நாள்கணக்கில் விடாமல் பெய்தது. ஒரு காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கிளம்புவதற்கு முன்பே, ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த கீழ் லயத்துக்கு மேலிருந்த மலை அப்படியே இறங்கிவிட்டது. லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் இருந்தது. நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் முகாமானது. பிள்ளைகள் உட்கார்ந்த வாங்குகளைச் சேர்த்துப்போட்டு ஆட்கள் படுத்தார்கள்.

மறுநாளே கொழும்பிலிருந்து டிவி வேன்கள் வரிசையாக வந்தன. தலைக்கு மேலே ட்ரோன் பறந்தது. எங்கள் தோட்டத்தின் பெயரை நாடே உச்சரித்தது, பெரும்பாலும் தப்பாக. அண்ணன் மட்டும் கெமராவைத் தொடவில்லை. மண்வெட்டி பிடித்துக்கொண்டு இளந்தாரிகளோடு நின்றார்.

கீழ் லயத்து முத்தம்மா அக்காவின் ஒரே மகள் சுகந்தி மண்ணுக்குள் போயிருந்தாள். வெளியே ஓடிவந்தவள், கைப்பையை எடுக்க மறுபடி உள்ளே போனாளாம். அக்கா அதை ஒரு இளம் நிருபரிடம் சொல்லி முடித்தார். தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது.

“சவுண்டு சரியா விழலம்மா. மறுபடி ஒருக்கா சொல்ல ஏலுமா?” என்றான் அவன், தயங்கித்தான்.

அக்கா சரியென்று வாயைத் திறந்தார். அதற்குள் முழங்கை வரை சேறோடு அண்ணன் வந்து நடுவில் நின்றார்.

“வேணாம் தம்பி. அவங்க ஒருக்கா சொன்னது போதும்.”

“நீங்க யாருண்ணே?”

“நானும் கெமராக்காரன்தான்.”

நிருபர் ஸ்டாண்டை மடக்கச் சொல்லிவிட்டு, அக்காவுக்குத் தேத்தண்ணி எடுத்துவரப் போனான். அண்ணன் வாயிலிருந்து ‘போதும்’ என்ற சொல் வந்து நாங்கள் கேட்டதே இல்லை. வேறு நாளாக இருந்தால் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்போம்.

சில நாளில் வேறெங்கோ வேறேதோ நடந்தது. வேன்கள் போய்விட்டன. சுகந்தி கிடைக்கவேயில்லை.

முப்பதாம் நாள் காரியம் நெருங்கியபோதுதான் இன்னொரு விஷயம் உறைத்தது. மாலை போட யாரிடமும் ஒரு படம்கூட இல்லை. கல்யாண அல்பம், போன் எல்லாமே லயத்தோடு போய்விட்டன. வேன்கள் நின்ற நாளெல்லாம் டிவியில் எங்கள் மண்ணைக் காட்டினார்கள். மண்ணுக்குள் போனவர்களின் முகம் ஒன்றும் அதில் இல்லை.

முத்தம்மா அக்காதான் அண்ணனிடம் கேட்டார். “எம் புள்ள மொகம் ஒங்ககிட்ட எங்கயாவது இருக்குமா?”

அண்ணன் எழுந்து தன் அறைக்குப் போனார். டிக்கோயாவில் ஒரு முஸ்லிம் நானாவின் புடவைக்கடைக்குப் பின்னால்தான் அது. தனிக்கட்டை. வேண்டாத காட்சிகளை வெட்டியெறியாத பழைய கெசட்டெல்லாம் அங்கே கட்டிலுக்கடியில் கிடந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடினார். வேளாவேளைக்கு நானா வீட்டிலிருந்து சாப்பாடு போயிற்று. தட்டு அப்படியே திரும்பி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட யன்னல்களைக் கம்பளியால் மறைத்து, சுவரில் வெள்ளைத் துணி கட்டினோம். அண்ணன் படத்தைப் போட்டார். யாரோ ஒருவரின் கல்யாணம். ஆரத்தித் தட்டோடு சுகந்தி நடந்துவந்தாள். அண்ணனின் குரல் கேட்டது. திரும்பிப்போய் மறுபடி வந்தாள். மூன்றாவது தடவை கெமராவை நேராகப் பார்த்து, “போங்கண்ணே, கை வலிக்குது” என்றாள்.

முகாமே சிரித்தது.

முத்தம்மா அக்கா அழவில்லை. துணிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார்.

“அந்தப் பச்ச சீல என்னோடது,” என்றார். “கேக்காம எடுத்துக் கட்டியிருக்கா.”

அண்ணன்தான் அழுதார்.

கிடைத்த முகங்களையெல்லாம் படமாக்கி ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுத்தார். ஒரு பெரியவருக்கு எத்தனை கல்யாணத்தில் தேடியும் முதுகு மட்டும்தான் அகப்பட்டது. அண்ணன் கூனிக்குறுகி அதை நீட்டினார்.

“இதுதாங்க எங்கப்பா,” என்று வாங்கிக்கொண்டான் மகன். “எப்பவும் யாருகூடவாவது கோவிச்சிக்கிட்டுத் திரும்பித்தான் ஒக்காருவாரு.” அந்த முதுகுக்குத்தான் மாலை போட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அண்ணன் மறுபடி கெமராவைத் தூக்கினார். தகரக் கொட்டகைகளுக்கு மாறியதை, அவை ஒழுகியதை, தண்ணிப் பைப்படியில் நடந்த சண்டையை, அங்கே பிறந்த பிள்ளைகளை எல்லாம் எடுத்தார். யாரையும் எதையும் திருப்பிச் செய்யச் சொல்லவில்லை. டிவிக்காரர்களுக்கு அனுப்பிப் பார்த்தார். “இப்ப அது நியூஸ் இல்லையேண்ணே” என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். அண்ணன் எடுத்துக்கொண்டே இருந்தார். வருஷங்கள் போய்ப் புது வீடுகள் கட்டித் திறந்த அன்றைக்கு வேன்கள் திரும்பவும் வந்தன, சாயந்தரத்துக்குள் போயும்விட்டன.

இப்போது அவருக்குக் கல்யாண வேலை குறைவு. மூச்சும் வாங்குகிறது. ஞாயிறுகளில் பஸ் ஏறி முத்தம்மா அக்காவின் புது வீட்டுக்குப் போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வருவார். போன வாரம் நானும் கூடப் போனேன். தூறலில் ஏறிப் போனோம்.

வாசலில் கால் வைத்ததும் அக்கா பிடித்துக்கொண்டார். “தொப்பி இல்ல, சுவட்டரு பொத்தான் போடல. நெஞ்சுச் சளிய வச்சிக்கிட்டு இப்படியா வருவீங்க? டிக்கோயா ஆஸ்பத்திரியில ஒங்களுக்குக் கஞ்சி கொண்டாந்து குடுக்க யாரு இருக்கா, நாந்தானே வரணும்?”

அண்ணன் ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டார். அந்த மனுஷனை அதட்ட ஒரு ஆள் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருந்தது.