தேரை வடிவின் பாட்டுக்கு வந்த புகார்கள்

ஒரு காட்டில் ஒரு கலை அறிவியல் கல்லூரி இருந்தது. கல்லூரி என்றால் நாலு மரமும் ஒரு முதல்வரும். அதற்கு ஒரு சமுதாய வானொலி நிலையமும் உண்டு. மற்ற வானொலிகள் எல்லாம் சிங்கத்தின் கர்ஜனையையும் குயிலின் பாட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்க, இது மட்டும் சுயாதீன இசைக்கென்றே நடந்தது. அதாவது, பாடுகிறவரை யாருக்கும் தெரிந்திருக்கக் கூடாது.

நிலைய இயக்குநர் பேராசிரியர் முள்ளம்பன்றி. கொள்கைக்காரர் என்பதால் கிட்டே போய்ப் பேசியவர்கள் குறைவு. நிலைய வாசலில் அவர் ஒரு விதியை எழுதி மாட்டியிருந்தார்: 'ஒரு பாட்டை மூன்று பேர் முணுமுணுத்தால் அது பிரபலமாகிவிட்டதாகக் கருதி நிறுத்தப்படும்.'

ஒருநாள் வடிவு என்ற தேரை அங்கே வந்தாள். நிகழ்ச்சித் தொகுப்பாளரான கீரி படிவத்தை எடுத்துக்கொண்டு கேள்வி கேட்டாள்.

"உங்க இசைக்குழு பேரு என்னக்கா?"

"நான் மட்டும்தாம்மா."

"பின்னணி இசை?"

"கேன்டீன் பின்னாடி ஒழுகுற குழாய்."

கீரிக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இதைவிடச் சுயாதீனமாக யாரும் இருக்க முடியாது என்று படிவத்தின் ஓரத்தில் எழுதினாள்.

வடிவுக்குச் சுயாதீனம் எல்லாம் தெரியாது. போன கோடையில் குளம் வற்றியபோது அவளும் தங்கை பேச்சியும் ஆளுக்கொரு திசையில் தண்ணீர் தேடிப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் குளம் இருந்த இடத்தில் காட்டெருமைகளின் கிரிக்கெட் மைதானம். தங்கையைக் காணோம். அன்றிலிருந்து வடிவுக்கு ஒரு ஈசல்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. அதனால் குளத்தைப் பற்றியும், இருவரும் முதன்முதலில், அக்கா முன்னாலும் தங்கை பின்னாலுமாக, அதில் குதித்த நாளைப் பற்றியும் ஒரு பாட்டுக் கட்டினாள். 'எங்கே இருக்கிறாய், ஒரு வரி வானொலிக்கு எழுதிப் போடு' என்று அது முடிந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் பாட்டு ஒலிபரப்பானது. மூன்றாவது வாரம் ஒரு மான் முணுமுணுத்தது. பிறகு ஒரு முயல். பிறகு கிரிக்கெட் ஆடிக்கொண்டே பதினொரு காட்டெருமைகள். ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. பேராசிரியர் பாட்டை நிறுத்திவிட்டார்.

"ஐயா, என் தங்கச்சி இன்னும் கேக்கலைங்க," என்றாள் வடிவு.

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? எருமையெல்லாம் பாடுது. இனி அது கலை இல்லை, பொழுதுபோக்கு."

அழுதுகொண்டு வெளியே வந்த வடிவைக் கீரி தனியே கூப்பிட்டாள். "அக்கா, நல்லா இருக்குன்னு சொன்னா அவருக்குப் பிடிக்காது. நாலு பேர் திட்டி எழுதுனா திரும்பப் போட்டுடுவாரு."

வடிவு வீடு வீடாகப் போய்த் தன்னைத் திட்டும்படி கெஞ்சினாள். "நல்லாத்தானே இருக்கு, எப்படித் திட்டுறது?" என்று மான் சங்கடப்பட்டது. கடைசியில் கீரியே நாலைந்து மாதிரி வசவுகளை எழுதிக் கொடுத்தாள். புகார்ப் படிவத்தில் பெயர், பொந்து எண், அடையாள மரம் எல்லாம் நிரப்பி இருபத்தாறு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

அவற்றைப் படித்தபோது பேராசிரியருக்குக் கண் கலங்கியது. "மக்களுக்குப் புரியலை. இதுக்காகத்தான் இந்த நிலையமே ஆரம்பிச்சோம்," என்றார். மறுநாளிலிருந்து பாட்டு தினம் ஏழு தடவை ஒலித்தது.

பத்தே நாளில், முன்பு பொய்யாகத் திட்டிய இருபத்தாறு பேரும் உண்மையாகவே திட்டி எழுதினார்கள். மானின் கடிதத்தில் இருந்த சில வார்த்தைகள் கீரிக்கே புதிது. அமிர்தமே ஆனாலும் அளவு என்று ஒன்று இருக்கிறதல்லவா. பேராசிரியர் மகிழ்ந்து போய் எட்டாவது தடவைக்கு நேரம் தேடினார்.

அந்தக் குவியலில் இருபத்தேழாவதாக ஒரு புகார் இருந்தது. கீரி அதைப் படித்துவிட்டு வடிவைத் தேடிக் குழாயடிக்கு ஓடினாள்.

'ஐயா, இந்தப் பாட்டை முதல் மூன்று வாரமும் கேட்டேன். அக்கா நன்றாகத்தான் இருக்கிறாள் என்று தெரிந்தது, சந்தோஷமாக இருந்தது, எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. இப்போது தினம் ஏழு தடவை இந்தப் பொய்யைக் கேட்கச் சகிக்கவில்லை. குளத்தில் முதலில் குதித்தது அவள் அல்ல, நான். அவள் கரையில் நின்று அழுதாள். திருத்தவும், அல்லது நிறுத்தவும். இப்படிக்கு, பேச்சி, மூன்றாவது இடுக்கு, ஈரப்பாறை, மேற்குச் சரிவு. அடையாள மரம்: இலுப்பை.'

வடிவு அதை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும் மேற்குச் சரிவுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டாள்.

கீரி வழி சொல்லிவிட்டு, "நிஜமா யாருக்கா முதல்ல குதிச்சது?" என்று கேட்டாள்.

"அவதான். ஆனா அதை அவகிட்ட ஒத்துக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வடிவு கிளம்பினாள்.

நீதி: பாசத்தோடு கேட்பவர்கள் பதில் எழுதுவதில்லை. பிரிந்துபோன சொந்தத்தின் விலாசம் வேண்டுமானால், அவர்களைப் பற்றி ஊரறிய ஒரு பொய் சொல்லுங்கள்.