தொண்ணூற்றேழுக்குப் பின் வந்த எதுவும் வேண்டாமாம்

நாமக்கல்
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய மைத்துனர் ஜெயபிரகாஷ் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் வீட்டுக்காரன் ஜெகதீஸ்வரன் எழுதிக்கொள்வது. கோவையில் நீங்களும் தங்கச்சியும் குழந்தைகளும் உங்கள் லேத் பட்டறையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க ஆஞ்சநேயரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே மழை பரவாயில்லை. முட்டை விலையும் பரவாயில்லை. நான்தான் பரவாயில்லாமல் இருக்கிறேன், அதற்கு நீங்கள்தான் காரணம். போன் செய்தால் "மிசின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்க மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் அதை அப்படியே உங்கள் அக்காவுக்கு அனுப்பிவைக்கிறீர்கள். அதனால்தான் தபால். இதையும் படம் பிடித்து அனுப்பினால் நம் உறவு இத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை, நான் செய்தது ஒரே ஒரு காரியம். என் மகள் கிருத்திகா பிறந்த வருஷம் உங்கள் அப்பா ரஞ்சனிக்கு வாங்கிக் கொடுத்த அந்தத் தொண்ணூற்றேழாம் வருஷத்து ஜென் கார், ஷெட்டில் கோழித் தீவன மூட்டைகளுக்கு நடுவில் சும்மா நின்றது. பிள்ளை வளர்ந்து பெங்களூருக்கு வேலைக்கே போய்விட்டாள். வீட்டில் பெரிய கார் இருக்கிறது. இதை இன்னும் எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று பழைய இரும்பு வாங்குகிறவரை வரச் சொன்னேன். இது ஒரு குற்றமா? அவர் வந்து வண்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்ததுதான் தாமதம், உங்கள் அக்கா கையில் மாவோடு வெளியே வந்து, கதவைத் திறந்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள். "என்ன ரஞ்சனி இது?" என்றேன். "ஏனுங்க, எங்கப்பா இந்த வண்டிய யாருக்குக் குடுத்தாரு?" என்றாள். "உனக்குத்தான்." "அப்ப நானா எறங்கோணும்னு நெனச்சா எறங்கறேன். அந்தாள அக்கட்டால போகச் சொல்லுங்க." அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பரிதாபம், வெறும் பரிதாபம். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டிப் பேர் வாங்கிய என்னை ஒரு பழைய இரும்புக்காரர் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

சரி, கோபம் தணிந்தால் இறங்கிவிடுவாள் என்று இருந்தேன். இறங்கினாள். இறங்கியவள் என்ன சொன்னாள் தெரியுமா? "இதை நான் ட்ராக்குக்கு ரெடி பண்ணப் போறனுங்க" என்றாள். எந்த ட்ராக் என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. உங்கள் புதுமனைப் புகுவிழாவுக்கு அவள் வந்தபோது, வந்தவளைச் சும்மா விடாமல் ரேஸ் ட்ராக்குக்குக் கூட்டிப் போய் வேடிக்கை காட்டியது நீங்கள்! கோயில் குளம் ஒன்றும் கிடைக்கவில்லையா உங்களுக்கு? "ரேஸ் ஓட்டற வயசா இது?" என்று கேட்டேன். "ரேஸ் இல்லீங்க, ட்ராக் டே. பணங்கட்டுனா நம்ம வண்டிய ட்ராக்குல நாம ஓட்டிக்கலாம். பரிசு கிரிசு ஒண்ணும் கெடையாது." "பரிசே இல்லாததுக்கு எதுக்கு இத்தனை பாடு?" "நீங்க சாயங்காலமானா சீட்டாடப் போறீங்களே, இதுவரைக்கும் என்ன பரிசு கொண்டாந்தீங்க?" என் சீட்டாட்டத்தை இதில் எதற்கு இழுக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

ஆனாலும் நான் விட்டுக்கொடுத்தேன் மாப்பிள்ளை. என் பெருந்தன்மை யாருக்கு வரும்? ஓட்டத்தான் போகிறாள், நல்லதாகவாவது போட்டு ஓட்டட்டும் என்று சேலம் ரோட்டுக் கடையில் பளபளவென்று பெரிய அலாய் வீல் செட் ஒன்று வாங்கி வந்து வாசலில் இறக்கினேன். அவள் குனிந்து பார்த்தாள், தடவியும் பார்த்தாள். "இது எந்த வருசத்து சாமானுங்க?" என்றாள். "புத்தம் புதுசு!" என்றேன். "அதானுங்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே போய்க் கேட்டேன், என்னதான் உன் கணக்கு என்று. அப்போது சொன்னாள்: "இந்த வண்டி புதுசா வந்த காலத்துல இத வெச்சு என்ன பண்ணியிருக்கலாமோ, அத நான் இப்பப் பண்றேன். அந்தக் காலத்துல ரேஸ்காரங்க இந்த வண்டிக்கு என்ன போட்டாங்களோ அது மட்டும் போதும். தொண்ணூத்தேழுக்கு அப்பறம் வந்தது ஒரு நட்டு கூட எனக்கு வேண்டாம்." நான் விடவில்லை. "அப்போ நான் எந்த வருஷத்து மாடல்?" என்று கேட்டேன். "நீங்க அதுக்கு முந்தின மாடலுங்க. அதனாலதான் ஊட்டுக்குள்ள விட்டு வெச்சிருக்கறேன்" என்றாள்.

அதிலிருந்து ஆரம்பித்தது உங்கள் பார்சல் சேவை. உக்கடத்துப் பழைய சாமான் கடைகளையெல்லாம் அலசி, பஸ்ஸில் போட்டு அனுப்பினீர்கள் பாருங்கள், உங்களுக்கு வேறு வேலையே இல்லையா? முதலில் வந்தது எலி கடித்த மாதிரி ஒரு பழைய ஸ்டீரிங். அதை மஞ்சள் துணியில் துடைத்து, சாமி படத்துக்குக் கீழே வைத்துப் பொட்டு வைத்தாள். என் பிறந்தநாளுக்குக்கூட அவள் எனக்கு அப்படிப் பொட்டு வைத்ததில்லை. அடுத்து வந்தது எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டுகிற இரட்டைக் குழல் கார்புரேட்டர். அன்றைக்குக் காலையில் நல்ல பசி. அடுப்பில் இட்லிப் பானை ஆவி பறக்கிறது. பல் துலக்கிவிட்டு ஆசையோடு மூடியைத் தூக்கினால், உள்ளே எலுமிச்சம்பழத் தண்ணீரில் கார்புரேட்டர் வெந்துகொண்டிருக்கிறது! "தொட்டுராதீங்க, இன்னும் அழுக்கு எறங்கல" என்று சமையலறைக்கு வெளியிலிருந்து குரல் வருகிறது. "இட்லி எங்கடி?" "கடையில வாங்கிக்கலாமுங்க. இது கடையில கெடைக்காது." மனிதனாகப் பிறந்து, கல்யாணமும் செய்து, கார்புரேட்டரை விடக் கீழே போய்விட்டேன்.

என் பட்டறை ஆட்களாவது என் பக்கம் இருப்பார்கள் என்று நினைத்தேன். என் தலைமை ஃபிட்டர் இளவழகனைக் கூப்பிட்டு, "அம்மா எதாச்சும் வேலை சொன்னா நேரமில்லைன்னு சொல்லிரு" என்று கண்டிப்பாகச் சொன்னேன். "சரீங்கண்ணா" என்றான். அன்று மத்தியானமே உங்கள் அக்கா அவனுக்கு நாட்டுக்கோழிக் குழம்பு ஊற்றினாள். சாயங்காலம் நான் பட்டறைக்குப் போனால், லாரி கேபின் ஒன்று பாதியில் நிற்க, பயல் உங்கள் அக்கா கொண்டுவந்து விட்ட காருக்குள் குழாயை வளைத்து இரும்புக் கூண்டு கட்டிக்கொண்டிருக்கிறான். கவிழ்ந்தால் தலை நசுங்காமல் இருக்குமாம். நாமக்கல்லில் கூண்டு கட்டுவதெல்லாம் கோழிக்குத்தான். என் வீட்டில் பெண்டாட்டிக்குக் கட்டுகிறார்கள். "ஏண்டா, நான் என்ன சொன்னேன்?" என்றேன். "நேரமில்லைன்னுதாண்ணா சொன்னேன். அம்மா, சாப்ட நேரம் இருந்துச்சல்ல சாமின்னு கேட்டுட்டாங்க" என்றான்.

இதுவரைக்கும் வீட்டுக்குள் நடந்த அவமானம். ஊர் அறிய நடந்ததைக் கேளுங்கள். ராசிபுரத்தில் என் பங்காளி மகள் கல்யாணம். என் பெரிய கார் சர்வீஸுக்குப் போயிருந்தது. "அதுக்கென்னுங்க, நம்ம வண்டியில போலாம்" என்றாள். எந்த வண்டி? பின் சீட்டையும் தரை விரிப்பையும் ஏ.சி.யையும் கழற்றி எறிந்து, முன்னால் இரண்டே சீட்டோடு, உள்ளே கூண்டோடு நிற்கிற வண்டி! என் பெரியம்மா அங்காளம்மாளும் எங்களோடு வந்தார். முழங்கால் வலிக்காரர், அவருக்கு முன் சீட்டு. ஓட்டுகிறவளுக்கு ஒரு சீட்டு. நான்? பட்டு வேட்டியோடு, மடியில் சீர்த்தட்டோடு, பின்னால் வெறும் தகரத்தில் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெரியம்மாவை நாலு பெல்ட் போட்டுக் கட்டினாள். கிழவி பயந்து கத்துவார், அந்தச் சாக்கில் எல்லாவற்றுக்கும் முடிவு கட்டிவிடலாம் என்று காத்திருந்தேன். அவரோ ஆண்டகளூர் கேட் தாண்டியதும், "கண்ணு, முன்னால போற பஸ்சு ரொம்ப மெதுவாப் போவுது பாரு" என்கிறார்! மண்டபத்து வாசலில் போய் நின்றபோது அந்த சைலன்சர் போட்ட சத்தத்தில் நாயனக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பின் பக்கக் கதவுகளைக் கூண்டுக் கம்பி மறித்துவிட்டதால் உங்கள் அக்கா சுற்றி வந்து டிக்கியைத் தூக்குகிறாள். டிக்கியிலிருந்து, தேங்காய் பழத் தட்டோடு, நான் பிறக்கிறேன். பன்னீர் தெளிக்க நின்ற பெண்கள் பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். இன்றைக்கும் ராசிபுரம் பக்கம் யாராவது ஒறம்பறை சொந்தக்காரர் போன் செய்தால், "டிக்கி மாமா சௌக்கியங்களா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை ட்ராக்குக்கு நானும் வந்தேன். வேடிக்கை பார்க்க வரவில்லை. நாலு பேர் முன்னால் நிறுத்தி, "போதும், வண்டியை வீட்டுக்கு எடு" என்று சொல்லத்தான் வந்தேன். நீங்கள் அங்கே ஓரமாக நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள், பார்த்தேன். வாசலில் யோகேஷ் என்று ஒரு பையன், ஏற்பாட்டாளராம், என்னிடம் ஹெல்மெட்டை நீட்டி, "அங்கிள், நீங்கதான டிரைவர்?" என்றான். "இல்லப்பா" என்றேன். "அப்ப மெக்கானிக்கா?" என்றான். அதுவும் இல்லை என்றேன். "அப்ப நீங்க யாருங்க?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அங்கே வந்ததெல்லாம் புத்தம் புது வண்டிகள், காதைப் பொத்திக்கொள்ள வைக்கிற சத்தம். நேர் ரோட்டில் ஒவ்வொருவனும் அவளை முந்திக்கொண்டு போகிறான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இத்தோடு ஆசை அடங்கும் என்று. ஆனால் வளைவு வந்தால் கதை வேறாக இருந்தது. அந்தச் சின்ன வண்டி பம்பரம் மாதிரி திரும்பி, அவனவன் வாலிலேயே போய் நிற்கிறது. அப்போது என் பக்கத்தில் நின்ற ஒரு மீசை முளைக்காதவன், "இந்த ஆன்ட்டி குறுக்க குறுக்க வர்றாங்க மச்சான், ஊட்ல போயி சமைக்கலாமில்ல" என்றான். மாப்பிள்ளை, எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "யாருடா ஆன்ட்டி? அது என் சம்சாரம்டா! அந்த வண்டில தொண்ணூத்தேழுக்கு அப்பறம் வந்த நட்டு ஒண்ணு காட்டு பாக்கலாம்! கார்புரேட்டர இட்லிப் பானையில வேக வெச்சுப் போட்டுருக்குடா! உங்கூட்டுல எவனாச்சும் வெச்சிருக்கானா?" என்று கத்திவிட்டேன். நீங்கள் இளநீரைக் கீழே போட்டது அப்போதுதான். மரியாதை கருதித்தான் கத்தினேனே தவிர, வேறு எதுவும் இல்லை. அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த நேரம் பார்த்து, அவள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்த சிவப்பு வண்டிக்காரன் வளைவில் சுழன்று புல்லில் போய் நின்றான். அடி ஒன்றும் இல்லை. எல்லோரும் உள்ளே வந்ததும் அவன் நேராக அவளிடம் வந்து, "நீங்க அந்த வளைவுல பிரேக்கே போடலைங்க ஆன்ட்டி, உங்களப் பாத்துதான் நானும் போடல" என்றான். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, "போட்டனே தம்பி. உனக்கு முன்னாடியே போட்டு முடிச்சுட்டேன்" என்றாள். அந்தப் பயல் தலையைச் சொறிந்துகொண்டு, எங்கே போட்டீர்கள் என்று கேட்க ஆரம்பித்துவிட்டான்.

பிறகு நீங்கள் செய்த வேலை இருக்கிறதே, அதற்குத்தான் உங்கள் மேல் முழுக் கோபமும். மத்தியானம் ஆளை ஏற்றிக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுப் போகலாம் என்று அறிவித்தார்கள். என் தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து, முன் சீட்டில் தள்ளி, பெல்ட்டை இறுக்கிவிட்டது நீங்கள்! மெதுவாகவாம்! முதல் வளைவிலேயே கண்ணை மூடிக்கொண்டேன். ஆஞ்சநேயா, ஈஸ்வரா என்று தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். "ஏனுங்க, கண்ணத் தொறங்க. பாத்துட்டு வந்தா பயமிருக்காது" என்றாள். திறந்தேன். ரோடு தெரியவில்லை, அவள் முகம்தான் தெரிந்தது. அதில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. வாயைத் திறந்து சிரிக்கக்கூட இல்லை. அரிசி களைகிற மாதிரி, பழகின வேலையைச் செய்கிற முகம். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இவளுக்கு இது வரும் என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை. தெரிந்தே மறைத்திருக்கிறீர்கள், இதை நான் மன்னிக்க மாட்டேன்.

ஆகவே கடைசியாகச் சொல்கிறேன். இனி ஒரு பார்சல் என் வீட்டு வாசலில் இறங்கக் கூடாது. உங்கள் அக்காவுக்குப் புத்தி சொல்லி, வண்டியைப் பழைய இரும்புக்குப் போட வைப்பது உங்கள் பொறுப்பு. ட்ராக், கார்புரேட்டர், கூண்டு என்ற வார்த்தைகள் இனி நம் குடும்பத்தில் ஒலிக்கக் கூடாது.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, தாய்மாமன் குணத்தில் (அதாவது உங்கள் குணத்தில் இல்லை, தங்கச்சிக்கு அண்ணன் முறையான என் குணத்தில்) வளர என் ஆசி. உங்கள் லேத் மிசினும் நீங்களும் நல்ல ஓட்டத்தில் இருக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்குத் தங்கள்,
கோபம் சற்றும் குறையாத மாமா,
ஜெகதீஸ்வரன்

பி.கு.: குமாரபாளையத்தில் ஜீவானந்தம் என்று ஒரு தறிப்பட்டறைக்காரர். அவர் ஷெட்டில் நூல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த அதே தொண்ணூற்றேழாம் வருஷத்து ஜென் ஒன்றை நேற்று வாங்கிவிட்டேன். பட்டறையில் பழைய லாரி கேபினுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். உங்கள் அக்காவுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அவளுக்கு அனுப்பியதைவிட நல்லதாக, வண்டியின் வேகத்தைக் கூட்டுகிற கேம் ஷாஃப்ட் ஒன்று அந்தக் காலத்துச் சரக்காகக் கிடைத்தால், வீட்டு விலாசத்துக்கு இல்லாமல் பட்டறை விலாசத்துக்கு உடனே அனுப்பவும். அடுத்த மாதம் அதே நேர் ரோட்டில் அவளை முந்திக் காட்டுகிறேன். முந்திவிட்டால் அன்றைக்கு நான் நாமக்கல் திரும்ப முடியாது, ஆகவே உங்கள் வீட்டில் எனக்கு ஒரு பாய் போட்டு வைக்கவும்.