படுக்கை விரிக்கத் தெரியாத டாக்டர் தன் அக்காவுக்கு எழுதியது

இலோயிலோ,
9 செப்டம்பர் 2005

அன்பும் அதட்டலும் என்றைக்கும் குறையாத பூரிங் அக்காவுக்கு, தம்பி நெமெசியோ எழுதிக்கொள்வது. ஹாரோ தேவாலயத்து மாதா புண்ணியத்தில் இங்கே நான், எமி, பிள்ளைகள் எல்லோரும் சுகம். சிகாகோவில் நீயும் அத்தானும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டுகிறேன். விஷயம் என்னவென்றால், நான் கல்லூரி மாறப்போகிறேன். போனில் சொன்னால் நீ முதலில் சிரிப்பாய், பிறகு திட்டுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் கடைசி வரை கேள்.

பதினாறு வருஷம் டாக்டராக இருந்தவன் நர்சிங் படிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு முடிப்பான் என்று சொன்னது யார்? நீ. ஊரில் பாதி டாக்டர்கள் நர்ஸ் வேலைக்கு வெளிநாட்டுக்கு விமானம் ஏறிவிட்டார்கள், நீ மட்டும் ஏன் சுகாதார நிலையத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்டது யார்? அதுவும் நீதான். சரி என்று பட்டதாரிகளுக்கான இரண்டு வருஷ வகுப்பில் சேர்ந்தேன். என்னோடு ஒரு பல் டாக்டர், ஒரு வக்கீல், ஒரு ரேடியோ அறிவிப்பாளர் என்று நரைத்த தலைகளாக உட்கார்ந்திருக்கிறோம். எங்களுக்கு ஆசிரியை மிஸ் ஜொராலின், வயது இருபத்தாறு. அவளுடைய பத்து வயதில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தவன் நான். அது ரொம்பக் கசந்திருக்கும் போல, அவள் இன்னும் மறக்கவில்லை. முதல் பரீட்சையே படுக்கை விரிப்பது. சிரிக்காதே. விரிப்பின் மூலையை நாற்பத்தைந்து டிகிரியில் மடித்துச் செருக வேண்டும், தலையணை உறையின் வாய் கதவைப் பார்க்கக் கூடாது, நோயாளி மேலே படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்ற வேண்டும், அந்த ஆள் கீழே விழவும் கூடாது. மூன்று தடவை தோற்றேன். வக்கீல் முதல் தடவையே தேறிவிட்டார். எதையும் மடித்துச் செருகி மறைப்பது அவருக்குக் கைவந்த கலை.

அதோடு விட்டாளா மிஸ் ஜொராலின்? மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு மீன்காரம்மாவை என்னிடம் ஒப்படைத்தாள். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தேன், பக்கா நிமோனியா, அப்படியே எழுதிக் கொடுத்தேன். சிவப்பு மையில் அடித்துவிட்டு, "இது டாக்டர் எழுத வேண்டியது சார். சளிய வெளிய தள்ள முடியாம கஷ்டப்படுறாங்கன்னு எழுதுங்க. அதுக்கு நீங்க என்ன செய்யப்போறீங்கன்னு எழுதுங்க" என்றாள். நானும் டாக்டர்தானேம்மா என்றேன். "வெளிய டாக்டர். இந்த வாசலத் தாண்டினா நீங்க வெறும் ஃபாலெஸ்" என்று வெறும் குடும்பப் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வார்டே கேட்டது அக்கா. மானம் கப்பலேறிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை என் பிறந்தநாள். ஆயுசு நீளட்டும் என்று எமி ஒரு தட்டு நிறைய பன்சித் நூடுல்ஸ் செய்து கொடுத்தாள். டியூட்டியில் பன்சித் தின்றால் நோயாளிகளும் அதே மாதிரி நீளமாக வந்துகொண்டே இருப்பார்கள் என்று நம் ஆஸ்பத்திரிகளில் சொல்வது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கொண்டுபோனேன். விஞ்ஞானம் படித்தவன் இதற்கெல்லாம் பயப்படலாமா என்ற வீம்பு. ஒன்பதேகாலுக்கு எல்லோருக்கும் வற்புறுத்திக் கொடுத்தேன். ஒன்பதரைக்கு ஆள் ஏற்றிப்போன ஒரு ஜீப்னி வண்டி வாய்க்காலில் சாய்ந்தது, பதினோரு பேர். பத்து மணிக்கு ஒரு கல்யாண வீடே கெட்டுப்போன இறாலைத் தின்றுவிட்டு வாந்தியும் பேதியுமாக வந்து இறங்கியது, மாப்பிள்ளை உட்பட. வார்டில் இடமில்லாமல் வராந்தாவில் படுக்கை போட்டோம். போட்டோம் என்ன போட்டோம், நான்தான் போட்டேன், தண்டனையாக, ஒவ்வொரு மூலையும் நாற்பத்தைந்து டிகிரி. மத்தியானம் மிஸ் ஜொராலின் பக்கத்தில் வந்து, "ஃபாலெஸ், அடுத்த பொறந்தநாளுக்கு லீவு போட்டுருங்க" என்றாள். ரேடியோக்காரர் என்னோடு இன்னும் பேசுவதில்லை.

எனக்கு அவமானமா இருக்குக்கா, அதை மறைப்பானேன். இருபத்தொரு வயசுப் பிள்ளைங்க சர்வசாதாரணமா செய்யுற வேலை எனக்கு வரமாட்டேங்குது. இத்தனை வருஷமா என்னத்தக் கிழிச்சேன்னு பயமா இருக்கு. பயந்து ஓடுறான்னு நீ சொல்லுவ. தாராளமா சொல்லிக்கோ. அடுத்த ஊரில் டாக்டர்களுக்கென்றே ஒரு நர்சிங் கல்லூரி இருக்கிறது. சனிக்கிழமை மட்டும் வகுப்பு, படுக்கை விரிப்பதை வீடியோவில் பார்த்தால் போதும், ஒரே வருஷத்தில் சான்றிதழ் கையில். நீ உன் ஆஸ்பத்திரியில் எனக்காகச் சொல்லிவைத்திருக்கும் இடத்துக்கு அடுத்த வருஷமே வந்து நிற்பேன். மாறுதல் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துவிட்டேன். இன்று சாயங்காலம் டியூட்டி முடிந்ததும் கொடுக்கப்போகிறேன். நீ தலைகீழாக நின்றாலும் என் முடிவு மாறாது.

அத்தானின் முழங்கால் வலி குறையட்டும். வரப்போகும் பனியில் நீ வழுக்காமல் நடக்க மாதா துணை இருக்கட்டும். பிள்ளைகள் உன் கையில் முத்தமிடுகிறார்கள்.

யார் சொன்னாலும் கேட்காத உன் தம்பி,
டாக்டர் (ஆமாம், டாக்டர்) நெமெசியோ ஃபாலெஸ்

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் காலையில் எழுதினேன். இப்போது மணி மூன்றேமுக்கால், வார்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு மணிக்கு என்னிடம் ஒரு புது நோயாளியைக் கொடுத்தார்கள். பார்த்தால் நம் ஊர் பிரிமிதிவோ, வலை பின்னுகிறவர், பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் கிடப்பவர். மாதம் தவறாமல் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். பிரஷர் பார்ப்பேன், மாத்திரை எழுதுவேன், அவர் மனைவி தரும் புட்டைத் தின்றுவிட்டு வருவேன். இன்று அவரைக் குளிப்பாட்டச் சொன்னார்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். இடுப்புக்குக் கீழே என் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண், எலும்பு தெரிகிறது. அது ஒரு நாளில் வந்த புண் இல்லை. நான் ஒரு தடவைகூட அவரைத் திருப்பிப் பார்த்ததில்லை அக்கா. அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "டாக்டரு, நீங்க எங்க இங்க?" என்றார். படிக்க வந்திருக்கிறேன் என்றேன். "நீங்க படிக்க இன்னும் என்ன பாக்கி இருக்கு?" என்று சிரித்தார்.

விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டேன். ஒரு வருஷம் இல்லை, இரண்டு வருஷம் ஆகும் என்று உன் ஆஸ்பத்திரியில் சொல்லிவிடு. இடம் போனால் போகட்டும். மாறாத முடிவு என்னாச்சு என்று கேட்டு மட்டும் போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். நாலு மணிக்கு அவரை மறுபடி திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். வருகிறேன்.