ஞாயிற்றுக்கிழமை நிற்கிற மோட்டர்

மன்னார் தீவில் கொதிதண்ணியிடம் ஏச்சு வாங்காத ஆள் யாராவது இருந்தால், அவர் இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம். ஐஸ் கம்பனியில் வேலை செய்கிற மனிதருக்கு அப்படி ஒரு பட்டம். மாதா கோவில் வாசலில் பங்குச் சுவாமியையே மறித்தவர். "நல்லவனா இரு எண்டு பிரசங்கம் வைக்கிறியள் சுவாமி, எப்பிடி எண்டு ஒரு வரி சொல்லேல்லையே!"

கம்பனியின் கம்பியூட்டர் எல்லாம் அவர் பொறுப்பு. எந்த மோட்டர் ஓடுகிறது, எது நிற்கிறது என்று திரையில் காட்டுகிற கண்காணிப்பு மென்பொருள் ஒன்று இருந்தது. அதைப் பார்த்து, நின்றதைத் தானாகவே இயக்கட்டும் என்று முதலாளி ஒரு ஏஐயைக் கொண்டுவந்து பூட்டினார். அதற்கு விளங்குகிற மாதிரி அந்த மென்பொருளைப் பற்றிக் குறிப்பு எழுத வேண்டும். பிடித்தது சனி.

கொதிதண்ணி சொல்லச் சொல்லத் தட்டுவது, அவருக்குக் கீழே வேலை செய்த என் தலையெழுத்து. "மோட்டர் வழமைக்கு மாறாக நின்றால் இயக்கவும்" என்று தட்டினேன். அவர் எழும்பிய வேகத்தில் கதிரை போய் அலுமாரியில் மோதியது.

"வழமை எண்டா என்ன பிள்ளை? ஆரின்ர வழமை?"

"எல்லாருக்கும் தெரியும்தானே அண்ணை."

"அதுக்குத் தெரியுமோ? அது என்ன, எங்கட ஊர் தாழ்வுபாட்டிலயோ பிறந்தது? ஞாயிறு பூசைக்குப் போகுமோ?"

எனக்கும் கோபம் வந்தது. "நீங்களே தட்டுங்கோ!" என்று விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினேன். தேத்தண்ணி கொண்டுவந்த அக்கா பாவம், "சீனி அளவாப் போட்டிருக்கு" என்று வாயைத் திறந்தார். "ஆரின்ர அளவு?" என்று அங்கேயும் தொடங்கிவிட்டார்.

ஒருவழியாகக் குறிப்பு முடிந்தது. முதலாளி பார்த்தார். "இதென்ன, காவியமோ?" என்று பாதியை அழித்தார். அதில் இந்த வரிகளும் போயின: 'ஞாயிறு இங்கே வள்ளம் கடலுக்குப் போகாது. ஐஸ் தேவையில்லை. மோட்டர் நிற்பது பழுது அல்ல. உள்ளே செபஸ்தி கழுவிக்கொண்டிருப்பார். இயக்காதே.'

"ஞாயிறு தொழில் இல்லை எண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும்," என்றார் முதலாளி. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

செபஸ்தி அண்ணை ஐஸ் உடைக்கிற இயந்திரத்தைத் துப்புரவு செய்கிறவர். ஞாயிறு பூசை முடிந்ததும் வந்து, பொத்தானை அமத்தி நிறுத்திவிட்டு, தோள் வரைக்கும் கையை உள்ளே விடுவார். குளிர் அறையில் மீன் கிடப்பதால் மெயின் சுவிச்சை நிறுத்துவதில்லை. காலங்காலமாக அப்படித்தான் நடந்து வந்தது.

ஏஐ பூட்டிய பிறகு வந்த முதல் ஞாயிறும் அப்படித்தான். அழித்த வரிகள் மனதை அரிக்க, கொதிதண்ணி கோவிலிலிருந்து நேரே கம்பனிக் கந்தோருக்கு வந்தார். முணுமுணுத்தபடி நானும் பின்னால் போனேன். திரையில் ஒரு வரி விழுந்தது: 'ஐஸ் உடைக்கும் மோட்டர் நிற்கிறது. இயக்குகிறேன்.'

அவர் கத்தவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறை கத்தாமல் ஓடினார். மெயினை இழுத்து விழுத்தினார். இயந்திரம் ஒரு உறுமல் உறுமி அடங்கியது. செபஸ்தி அண்ணையின் சட்டைக்கை பல்லுக்குள் கிழிந்து கிடந்தது. கை வெளியே இருந்தது. "மாதாவே" என்று அவர் நிலத்தில் குந்திவிட்டார்.

செய்தி கேட்டு வந்த முதலாளி சொன்னார், "ஒண்டும் நடக்கேல்லைத்தானே, விடுங்கோ."

"ஒண்டும் நடக்கேல்லையோ? உன்ர கையை விடடா உதுக்குள்ள, பாப்பம்!"

முதலாளியை அவர் 'அடா' போட்டதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. கொதிதண்ணி போய்த் தன் கதிரையில் இருந்து, அழித்ததை எல்லாம் தானே திரும்பத் தட்டினார். புதிதாகவும் சிலது சேர்த்தார். கந்தோர்த் திறப்புக்கோர்வையை மேசையில் எறிந்துவிட்டுப் போனவர்தான், திரும்ப வரவேயில்லை. போகும்போது வாசல்காரருக்கும் ஒரு ஏச்சு. இப்போது வவுனியாவில் யாரையோ வதைக்கிறாராம். அந்தக் குறிப்பில் ஒரு எழுத்தைத் தொட முதலாளிக்கு இன்றுவரை துணிவில்லை.

ஞாயிறு தவறாமல் ஏஐயிடமிருந்து என் போனுக்குச் செய்தி வரும்: 'மோட்டர் நிற்கிறது. இன்று ஞாயிறு, எனவே தொடவில்லை. செபஸ்தி வெளியே வந்துவிட்டாரா? கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லவும். "வந்திருப்பார்" என்பது பதில் அல்ல.'

அச்சொட்டாகக் கொதிதண்ணியின் ஏச்சு. நான் திட்டிக்கொண்டே போய்ப் பார்ப்பேன். செபஸ்தி அண்ணை இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவார். பதில் அனுப்பிவிட்டு, ஏசுவதற்கு ஆளில்லாத கந்தோரில் அவருடைய கதிரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.