பாதி அநாதை

நம் காலத்தின் துயரம் முழுவதையும் ஒரே தொண்டையில் தாங்கிக்கொண்டிருப்பவர், மாற்று ராக் பாடகரும் காட்சிக் கலைஞருமான ‘சாம்பல்’. பெயர் அவரே வைத்துக்கொண்டது. தொண்டையைப் பற்றிச் சொன்னது அவருடைய மேலாளர். ஆகவே சந்தேகப்பட இடமில்லை.

சாம்பல் வளர்ந்தது அப்பாவின் மெத்தைக் கடையில். மெத்தையில் வளர்ந்தாரே தவிர மெத்தப் படிக்கவில்லை. மகன் பாட ஆசைப்பட்டதும் அப்பா மாடியிலிருந்த பஞ்சு மூட்டைகளை இறக்கி, அறையை ஒழித்துக் கொடுத்து, கிடாரும் வாங்கித் தந்தார். மிச்சமிருந்த பஞ்சுத் தூசி தொண்டையில் இறங்கியதில் பிறந்ததுதான், விமர்சகர்கள் பிற்பாடு ‘நொறுங்கிய தலைமுறையின் குரல்’ என்று கொண்டாடிய அந்தக் கரகரப்பு.

“மாற்று ராக்குன்னா எதுக்குடா மாத்து?” என்று ஒருநாள் அப்பா கேட்டார்.

“எல்லாத்துக்கும்பா.”

“அப்ப சரி,” என்று அப்பா மெத்தை தைக்கப் போய்விட்டார்.

சமுதாயத்தைச் சாடி சாம்பல் வெளியிட்ட முதல் இரண்டு ஆல்பங்களைச் சமுதாயம் கண்டுகொள்ளவே இல்லை. மேலாளர் அவரை உட்காரவைத்து ‘உயர்மட்டக் கலை ஆலோசனை’ நடத்தினார். உயர்மட்டத்தில் இருந்தது அவர்கள் இருவர்தான்.

“உங்க பாட்டுல வலி இல்ல. அப்பா அடிப்பாரா?”

“இல்ல.”

“குடிப்பாரா?”

“காபிகூடக் குடிக்க மாட்டார்,” என்றார் சாம்பல், தலைகுனிந்து.

“அம்மா?”

“நான் கைக்குழந்தையா இருக்கும்போதே போயிட்டாங்க.”

மேலாளரின் முகம் மலர்ந்தது. “பாதி வேலை முடிஞ்சிருக்கே. இதை ஏன் முதல்லயே சொல்லல? ஆனா பாதி அநாதைக்குக் கூட்டம் வராது. அப்பா இப்ப எங்க?”

“கடையில.”

“அங்கதான் இடிக்குது.”

சாம்பல் உடனே சம்மதித்துவிட்டார் என்பது அவதூறு. ஒரு மத்தியானம் முழுக்க மனத்தோடு போராடினார். பிறகுதான் ‘அப்பா இல்லாத வீடு’ என்ற பாட்டை எழுதினார். அரங்குகள் நிரம்பின. முன்வரிசை தேம்பியது. பாட்டில் அடங்காத துயரம் காட்சிக் கலையாக வழிந்தது. அப்பாவின் பீரோவைத் திறந்து சட்டைகளை அள்ளிக்கொண்டு போய், ‘இன்மை’ என்ற தலைப்பில் வெள்ளைச் சுவரில் வரிசையாக மாட்டினார். துவைக்கப் போட்டிருந்தவையும் அதில் இருந்தன. காலர் அழுக்குக்குத் தனி விளக்கு போடப்பட்டது.

திறப்பு விழாவுக்கு முன்பு அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லப் போனார்.

“கொஞ்ச நாள் வெளிய வராதீங்கப்பா. பேட்டியில நீங்க… இல்லைன்னு சொல்லியிருக்கேன்.”

அப்பா ஊசியில் நூல் கோத்து முடித்தார். “எத்தனை நாளைக்கு நான் செத்திருக்கணும்?”

“கண்காட்சி முடியற வரைக்கும்.”

“சாப்பிட்டியா?” என்றார் அப்பா.

மகன் சொன்னபடியே அப்பா கடையைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். ஆனால் விழா நாளன்று, மண்டையோட்டுப் படம் போட்ட மகனின் டீ-ஷர்ட்டில் கண்காட்சிக் கூடத்துக்குள் வந்து நின்றார்.

“ஒரு சட்டையாவது குடுடா. நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போகணும். இதைப் போட்டுக்கிட்டுப் போனா அவர் பயந்துடுவார்,” என்று காதோரம் கெஞ்சினார்.

அதற்குள் ஒரு பத்திரிகைக்காரப் பெண் அருகில் வந்துவிட்டாள். “இவர் யாரு சார்?”

சாம்பலுக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்தது. புகழ்பெற்ற அந்தத் தொண்டைக்குள்ளேயே அதைத் திருப்பி அனுப்பினார்.

“சட்டை மாட்ட வந்தவர்.”

ஒருவகையில் அது பொய்யும் இல்லை.

அப்பா மகனைப் பார்த்தார். பிறகு சுவரிலிருந்த நீலச் சட்டையின் மடங்கிய காலரை நீவிவிட்டார்.

“இறந்துபோனவரை உங்களுக்குத் தெரியுமா ஐயா?” என்று அவள் மரியாதையாகக் கேட்டாள்.

“நல்லாத் தெரியும்மா,” என்றார் அப்பா. “பாவம், அவருக்குப் பிள்ளைதான் இல்ல.”