நாற்பத்து மூன்று நம்பிக்கையானவர்கள்

மனிதகுலத்தின் பாதுகாப்பு வரலாற்றை இரண்டே காலங்களாகப் பிரிக்கலாம். மானாம்பதி சின்னராசு தம் கூடத்தில் கேமரா மாட்டுவதற்கு முன், மாட்டிய பின்.

உத்திரமேரூர்க் கடையிலிருந்து வந்து மாட்டியவன் வசந்த்குமார். "கூடத்துல நடக்கறது, பேசறது எல்லாம் போன்லயே தெரியும்ணே. குடும்பத்துல யார் யாரு பாக்கணும்?" என்றான்.

சின்னராசு நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்பு காதுகுத்துப் பத்திரிகையில் சித்தப்பா மகன் ஸ்ரீகாந்தின் பெயர் விட்டுப்போய், மூன்று வருஷம் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அந்தத் தவறு இனி நடக்காது. பங்காளிகள், மாமன் மச்சான்கள், கொண்டான் கொடுத்தான் என்று முறைப்படி நாற்பத்து மூன்று பெயர்கள் சொன்னார்.

"இன்னாண்ணே, கேமரா மாட்டறமா, பத்திரிகை அடிக்கறமா?"

"ஒர்த்தர வுட்டாலும் பேஜாரு. எழுது."

கேமரா நிறுவனத்தின் நிபந்தனைகள் போனில் அறுபது பக்கம் வந்தன. படித்தவர்கள் எழுதியது, தப்பாகவா இருக்கும்? கண்ணை மூடிக்கொண்டு 'சம்மதம்' கொடுத்தார்.

அடுத்த வாரம் மகள் இளவரசிக்குத் தென்னேரியிலிருந்து வரன் வந்தது. தட்டு மாற்றும்வரை விஷயம் வெளியே கசியக் கூடாது. கசிந்தால் யாராவது கலைத்துவிடுவார்கள். எனவே சின்னராசு ஜன்னல்களைச் சாத்தினார். கதவுக்குத் தாழ் போட்டார். கூடத்து நடுவில் உட்கார்ந்து, மனைவி கனகாவிடம் கிசுகிசுத்தார்.

"பையனுக்கு ஏரிப் பாசனத்துல நாலு ஏக்கரா கீது. மண்டையிலதான் முடி இல்ல. தலையில இல்லாட்டி இன்னா, நெலத்துல வெளையுதே!"

போன் அடித்தது. ஸ்ரீகாந்த்.

"அண்ணே, நாலு ஏக்கராவா, நாப்பதா? செரியா கேக்கல. கொஞ்சம் கேமரா பக்கமா திரும்பிக்கினு பேசு."

மறுநாள் பையனின் அப்பா கூப்பிட்டார். "எம்புள்ள மண்டைய நேத்திலேர்ந்து உங்க ஆளுங்க வரிசையா விசாரிக்கறாங்க. இந்தச் சம்பந்தம் வாணாங்க."

சின்னராசு துடித்துப்போனார். வசந்த்குமாரை வரவழைத்து உயர்மட்ட விசாரணை தொடங்கினார். "எவனோ வெளியில சொல்லிக்கீறான். கண்டுபுடி."

"எல்லாருக்கும்தான் தெரியுதேண்ணே. யார் பேர எடுக்கட்டும்?"

ஸ்ரீகாந்தை எடுத்தால் மறுபடியும் மூன்று வருஷம். மச்சானை எடுத்தால் கனகா சோறு போடமாட்டாள். பட்டியலில் இருப்பவர்கள் எல்லாரும் நம்பிக்கையானவர்கள், நம்பிக்கையில்லாமலா சேர்த்தார்? அப்படியானால் துரோகி பட்டியலுக்கு வெளியேதான் இருக்கவேண்டும். அவர் பார்வை மெதுவாக இளவரசியிடம் போய் நின்றது.

"இந்த வூட்லயே லிஸ்ட்ல இல்லாதவ நீ ஒர்த்திதான்."

"என்ன ஏன் நைனா சேக்கல?"

"உன்னப் பாக்கறதுக்குத்தான இவ்ளோ பேரு கீறாங்க? நீ வேற இன்னாத்துக்குப் பாக்கணும்?"

தீர்ப்பு உடனே வழங்கப்பட்டது. இரண்டாவது கேமரா, இளவரசியின் அறையில். வசந்த்குமார் தயங்கினான். சின்னராசு ஏணியைத் தாமே பிடித்துக்கொண்டார். கேமராவில் பச்சை விளக்கு எரிந்ததும் இளவரசி அதை அண்ணாந்து பார்த்தாள்.

"கலைஞ்சது என் கல்யாணம். இப்ப நான் துணி மாத்தணும். எங்க போறது நைனா?"

இந்தக் கேமராவில் ஒலி மிகத் துல்லியம். நாற்பத்து மூன்று போன்களிலும் அவள் கேட்டது தெளிவாகக் கேட்டது. ஒருவரும் கூப்பிடவில்லை. ஒருவரும் போனை அணைக்கவும் இல்லை.